கண்டனூர் மாப்பிள்ளை அழைப்பும் ரிவர்ஸ் கியரும்

சிவமயம்

காரைக்குடி
12.2.1973

கோலாலம்பூரில் இருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, சாலா வணக்கமாக எழுதிக்கொண்டது. உங்கள் பெயரை உறையின் மேல் எழுதுவதற்கே அயித்தை அந்தப் பக்கம் போகும் நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது, ஆகையால் உள்ளே எழுதவில்லை. இங்கு அயித்தை சௌக்கியம், பசுவும் கன்றும் சௌக்கியம், கார் மேலும் ஒரு கீறல் இல்லை. எனக்குத்தான் நாலு நாளாக வாசல் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. தங்கள் சுகத்துக்கு எழுதவும்.

கியர் வண்டி வாங்குவதா, தானாகவே கியர் மாறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வண்டி வாங்குவதா, பிப்ரவரி இருபதாம் தேதிக்குள் சொல், முன்பணம் கட்ட வேண்டும் என்று மார்கழியில் கேட்டிருந்தீர்கள். நீங்கள் வாரத்தில் நாலு நாள் கம்பெனி வண்டியில் ஈப்போ பக்கம் போய்விடுகிறீர்கள், சித்திரையில் நான் அங்கே வந்துவிட்டால் அந்த நகரத்து நெரிசலில் நானே ஓட்டிக்கொள்ள வேண்டும், அதனால் என் சொல்தான் முடிவு என்றும் எழுதியிருந்தீர்கள். கல்யாணமாகி எட்டு மாதத்தில் ஒருவர் என்னிடம் இப்படி யோசனை கேட்டதும் எனக்குத் தலை கால் புரியவில்லை. பொங்கல் கழிந்த கையோடு எட்டுப் பக்கம் பதில் எழுதினேன். தானாகக் கியர் மாறும் வண்டியை ஓட்டுவது, கை இருக்கும்போதே அடுத்தவர் பிசைந்து ஊட்டச் சாப்பிடுவது போல என்று எழுதினேன். நெரிசலில்தான் ஓட்டுகிறவரின் தரம் தெரியும் என்று எழுதினேன். கிளட்சைப் பாதி விட்டு, பிரேக்கைத் தொடாமல் வண்டியை மேட்டில் நிறுத்தி வைப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை என்றுகூட எழுதினேன். காரைக்குடியில் மேடு எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. அந்த எட்டுப் பக்கத்தில் ஆறு பக்கம், கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஓர் ஆங்கில மோட்டார் புத்தகத்தின் ஏழாம் அத்தியாயம். மீதி இரண்டு பக்கம் என் திமிர்.

எல்லாவற்றுக்கும் மூலம் பெண் கேட்டு வந்தபோது நீங்கள் அனுப்பிய போட்டோதான். வெள்ளைக் காருக்குள் உட்கார்ந்து, ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்து, மறு முழங்கையை ஜன்னலில் வைத்திருப்பீர்களே, அது. இப்படி அலட்சியமாகக் காரோட்டுகிற ஒருவருக்கு, அடுப்படியும் புத்தகமும் தவிர ஒன்றும் தெரியாதவள் போய்ச் சேருவதாவது என்று எனக்கே ஒரு வீம்பு வந்துவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன். நம் டிரைவர் கோட்டைச்சாமியிடம் மூன்று மாதம் அம்பாஸடரில் கற்றுக்கொண்டேன். நேராகப் போவேன், திரும்புவேன், நிறுத்துவேன். பின்னுக்குப் போகத் தெரியாது. நம் வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வண்டி முன் கேட்டில் நுழைந்து, பக்கத்து நடை வழியாகப் போய், பின் கேட்டில் வெளியேறும். தெருக்களோ கட்டம் போட்ட நோட்டு மாதிரி, எங்கே தவறினாலும் ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். "பின்னுக்குப் போற பாடம் எப்ப?" என்று ஒரு நாள் கேட்கத்தான் செய்தேன். "அது எதுக்கு ஆச்சி? இந்த வீட்டுக்கு நான் வந்து ஒம்போது வருசமாச்சு. ஒரு நாளாச்சும் பின்னுக்கு எடுத்திருக்கேனா? போற வழியெல்லாம் முன்னாலதான இருக்கு" என்றார். அதில் ஏதோ பெரிய தத்துவம் இருப்பதாக நினைத்து டைரியில் குறித்து வைத்தேன். என் படிப்பு இந்த லட்சணத்தில் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை கண்டனூரில் உங்கள் பெரியப்பச்சி வயிரவன் அவர்கள் பேத்தி கல்யாணம். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற தெருவில் அன்றைக்கு மட்டும் ஐம்பது கார், போதாததற்குப் பாத்திரம் ஏற்றி வந்த மூன்று லாரி, நாலு மாட்டு வண்டி. கோலாலம்பூர் நெரிசலை நான் இன்னும் பார்க்கவில்லை, ஆனால் அது இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. ஊர் முனையில் மாலை வாங்கக் கோட்டைச்சாமியை இறக்கிவிட்டார்கள் அயித்தை. "நீயே கொண்டுபோயி நிறுத்து சாலா. தம்பி ஒன்னைய நம்பித்தான கார் வாங்குது. நாலு பேரு பாக்கட்டும்" என்று சொல்லி, கண்ணாடியை இறக்கி, முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டார்கள். பெற்ற தாயிடமிருந்துதான் உங்களுக்கு அந்த முழங்கை வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கும் நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை இல்லாமல் இல்லை.

நாலு பேர் பார்த்தார்கள். நானூறு பேர் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் கார்கள் நிற்க, நடுவில் ஒரு வண்டி போகிற இடம்தான். நிறுத்த இடம் தேடிக் கல்யாண வீட்டையும் தாண்டிப் பாதித் தெரு போயிருப்பேன், எதிரே பிள்ளையார் கோயில் முக்கிலிருந்து நாயனமும் தவிலுமாக மாப்பிள்ளை அழைப்பு திரும்பிவிட்டது. மாப்பிள்ளை நடுவில் நடந்து வருகிறார், முன்னும் பின்னும் சொந்தக்காரர்கள். நான் நிறுத்திவிட்டேன்.

"என்னத்தா நின்னுட்டே?"

"எதிர்ல மாப்பிள்ளை, அயித்தை."

"மாப்பிள்ளைன்னா என்ன, முட்டவா போறாரு? பின்னுக்கு எடு."

ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கிற கியர் கம்பியைப் பிடித்து, இதுவாக இருக்கும் என்று ஒரு பக்கம் தள்ளிக் கிளட்சை விட்டேன். வண்டி ஒரு முழம் முன்னால் குதித்தது. நாயனக்காரர் ஒரு முழம் பின்வாங்கினார். மறு பக்கம் இழுத்தேன். இன்னொரு முழம் குதித்தது. தவில்காரர் சோணை அதற்கும் சேர்த்து ஓர் அடி கொடுத்துவிட்டு, "அண்ணே, வண்டி தாளத்துக்குச் சரியா வருதுண்ணே" என்றார். பெரியப்பச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"ஆரு வண்டி இது? பின்னுக்கு எடுங்கத்தா, பத்தரைக்கு ராகுகாலம்!"

அந்த நேரத்தில் என் வாயில் வந்ததை எழுதக் கை கூசுகிறது. "மாப்பிள்ளையைக் கொஞ்சம் பின்னால போகச் சொல்லுங்களேன்" என்றேன்.

நாயனம் நின்றுவிட்டது. "என்ன பேச்சுப் பேசுறீக! அழைச்சு வார மாப்பிள்ளை பின்னுக்குப் போறதா? பொண்ணு வீட்டு வாசல்ல வந்து கால வைக்கிறவரைக்கும் ஒரு அடி பின்னுக்கு வைக்கக்கூடாது, தெரியாதா?" என்றார்கள் பெரியப்பச்சி. தெரியும். அந்தத் தெருவில் பின்னுக்குப் போகக்கூடாதவர் ஒருவர், போகத் தெரியாதவள் ஒருத்தி. இரண்டு பேரும் கண்ணாடிக்கு இந்தப் புறமும் அந்தப் புறமுமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். மணி பத்தே கால்.

கடைசியில் எட்டுப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்று தள்ளினார்கள். நியூட்ரல் எது என்று மட்டும் எனக்குத் தெரியும், அதைப் போட்டேன். அயித்தையும் நானும் உள்ளே இருக்க, வண்டி வந்த தூரம் முழுக்கப் பின்னாலேயே போயிற்று. நேரம் தவறக்கூடாதென்று மாப்பிள்ளை ஊர்வலமும் கூடவே வந்தது. நாயனக்காரர் நாலடி தூரத்தில் கன்னம் உப்ப என்னையே பார்த்து வாசித்தார். ஸ்டீரிங்கை நான் கெட்டியாகப் பிடித்திருந்தேன், எதற்கென்று தெரியவில்லை. வாசலில் நின்ற ஒரு பெண்பிள்ளை, "இது என்னடி, காரு முன்னாடி போகுது, புதுச் சீரா?" என்று கேட்டதும், "மலாயா வழக்கமா இருக்கும், அந்தா உள்ள உக்காந்திருக்குல்ல, அந்தப் பொண்ணோட வீட்டுக்காரவுக அங்கதான் இருக்காக" என்று மற்றவள் சொன்னதும் தெளிவாகக் காதில் விழுந்தது. அயித்தை முழங்கையை உள்ளே எடுத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். அத்தனை பேரில் மாப்பிள்ளை ஒருவர்தான் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

தெருமுனையில் மாலைக் கூடையோடு நின்ற கோட்டைச்சாமி, ஊர் கேட்கிற குரலில், "ஐயையோ ஆச்சி, நான் இன்னும் பின்னுக்குப் போறதச் சொல்லித் தரலியே!" என்றார். அதுவரை வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று நம்பிக்கொண்டிருந்த பாதிப் பேருக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. முகூர்த்தம் தவறவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

வீட்டு வாசலில் இறங்கும்போது அயித்தை, "தம்பிக்கு நீ எழுதுறியா, நான் எழுதட்டுமா?" என்று மட்டும் கேட்டார்கள். நானே எழுதுகிறேன்.

ஆகையால் ஆட்டோமேட்டிக் வண்டியே வாங்குங்கள். விலை கூடுதல், பெட்ரோல் அதிகம் குடிக்கும், கெட்டுப்போனால் பழுது பார்க்க ஆள் கிடைப்பது சிரமம் என்று நீங்கள் எழுதியது ஞாபகம் இருக்கிறது. நான் வேறு எதிலாவது சிக்கனம் பிடித்துக்கொள்கிறேன். அன்றைக்குத் தெருவில் என் இடது கால் கிளட்சைத் தேடியது, கை கம்பியைத் தேடியது, மனசு ஏழாம் அத்தியாயத்தைத் தேடியது. முன்னால் நின்ற மனிதர்களைப் பார்க்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. நெரிசலில் பார்க்க வேண்டியது மனிதர்களைத்தானே? அந்த வண்டியில் இடது காலுக்கு வேலையே இல்லையாம். பின்னுக்குப் போவதற்கு ஆர் என்று எழுத்தே போட்டிருக்குமாம். எனக்கு எழுத்துத்தான் வாசிக்கத் தெரியும். பொய் எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஊட்டிவிடுவது பற்றி எழுதியதையும் மறந்துவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். நம் கோயில் பிள்ளையார் உங்களுக்குத் துணையிருக்கட்டும். அயித்தை ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள், உங்களுக்கு மட்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்திருக்கும்
சாலா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தபால்காரர் உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். என் எட்டுப் பக்கத்தைப் படித்த அன்றே கியர் வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டதாகவும், இனித் திரும்ப வாங்க முடியாதென்றும் எழுதியிருக்கிறீர்கள். அதோடு, உங்களுக்குக் கார் ஓட்டவே தெரியாது, டெஸ்டில் மூன்று தரம் மேட்டில் கிளட்சை விட்டுத் தோற்றீர்கள், வெட்கத்தால் இதுவரை சொல்லவில்லை என்றும், மேட்டில் நிறுத்துவதுதான் உனக்குப் பிடித்த வேலையாயிற்றே, வந்ததும் எனக்குச் சொல்லித் தா என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதிய இந்தக் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். ஆனால் நீங்கள் மட்டும் தனியாக வெட்கப்பட்டுக்கொண்டு அங்கே இருக்க வேண்டாம் என்று அனுப்புகிறேன். ஆட்டோமேட்டிக் கேட்டதை மட்டும் அடித்துவிட்டுப் படியுங்கள். கோட்டைச்சாமி கீழே காத்திருக்கிறார், இன்று பின்னுக்குப் போகிறோம். மேடு கண்மாய்க் கரையில் ஒன்று இருக்கிறதாம். அயித்தையிடம் உங்கள் விஷயம் எதுவும் சொல்லவில்லை. உங்கள் வெள்ளைக் கார் போட்டோ அவர்கள் அறையில்தான் மாட்டியிருக்கிறது. எத்தனையோ தடவை பார்த்த படம்தான், முன் சக்கரத்துக்கு அடியில் கல் வைத்திருப்பது இன்றைக்குத்தான் என் கண்ணில் படுகிறது.