தண்ணீர் கேட்காத கார்

"எனக்குத் தெரியாது" என்று சொல்லவேண்டிய இடத்தில் தலையை ஆட்டிவிட்டு வந்த சந்தர்ப்பங்கள் என் வாழ்க்கையில் ஏராளம். பெரும்பாலானவற்றில் தப்பிவிட்டேன். ஒன்றில் மட்டும் அகப்பட்டேன். அகப்பட்ட இடம் மசிடன் மலைக்குப் போகும் வழியில் ஒரு மாட்டுப் பட்டி வேலியோரம். குளிர் இரண்டு பாகை. சாட்சிகள் இருவர்: நான் கலியாணம் கட்ட விரும்பிய பெண், அவளுடைய அம்மா.

மெல்பேர்னுக்கு நான் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கிரெய்கிபர்னில் நண்பன் ஒருவனின் புது வீடு குடிபூரலுக்குப் போயிருந்தேன். வாசலில் செம்மஞ்சள் நிறத்தில், தவளை குந்தியிருப்பதுபோல, ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. பக்கத்தில் ஒரு பெண் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அதன் பின்மூடியைத் திறந்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தாள். அவள்தான் நளாயினி. மருந்தகத்தில் வேலை, ஓய்வு நேரமெல்லாம் அந்தக் கார். குப்பையாகக் கிடந்ததை வாங்கி நாலு வருடமாகத் தானே திருத்தி ஓடவைத்திருந்தாள்.

பேச்சுக் கொடுக்க எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

"அருமையான கார். எங்கட அப்பாட்டையும் ஊரில இப்பிடி ஒண்டு நிண்டது" என்றேன்.

(அப்பாவிடம் நின்றது ஒரு சைக்கிள். அதற்கும் பெல் இல்லை.)

அவளுடைய கண் விரிந்தது. "உண்மையாவோ? அப்ப உமக்கு இதைப்பற்றி எல்லாம் தெரியும்!"

நான் தலையை ஆட்டினேன்.

இங்கே குளிர்காலம் தொடங்கும் ஜூன் மாதக் கடைசியில் ஒரு காலை, வீட்டு வாசலில் உறைபனியில் வழுக்கி விழுந்து நளாயினி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கையில் மாவுக்கட்டு. ஸ்டியரிங் பிடிக்க ஏலாது. அந்தக் காரோ குளிர்காலத்தில் சும்மா நின்றால் கோபித்துக்கொள்ளும் வகை: பற்றரி இறங்கும், எஞ்சினுக்குள் ஈரம் பிடிக்கும். யாராவது அதை அடிக்கடி ஓட்டவேண்டும். கார் தெரிந்த ஒருவர். அவளுக்குத் தெரிந்தவர்களில் அப்பாவிடம் அப்படி ஒரு கார் நின்றவன் நான் ஒருவன்தானே? தினமும் காலையில் அந்தக் காரில் அவளை வேலைக்குக் கொண்டுபோய்விடும் பொறுப்பு எனக்கு வந்தது.

முதல் நாள் அவள் எனக்கு எல்லாவற்றையும் விளக்கினாளாம். எஞ்சின் ஏன் பின்னால் இருக்கிறது, அதை எது குளிரவைக்கிறது, ஏன் தொடக்கத்தில் மெதுவாக ஓடவேண்டும், எல்லாம். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல முகம். ஒரு சொல்லும் காதுக்குள் இறங்கவில்லை.

ஊரில் மாமாவின் வான் வண்டியை ஓட்டியவன் என்பதால் கிளட்ச் எனக்குப் பழக்கம். குளிர்தான் பழக்கமில்லை. அந்தக் காரில் சூடு வருவதற்கு எஞ்சின் முதலில் தான் சூடேறவேண்டும். பிறகு மனமிரங்கி அதில் கொஞ்சத்தை முன்னுக்கு அனுப்பும். அது வந்து சேரும்போது அவளுடைய மருந்தகமும் வந்துவிடும். மூச்சுவிட்டால் ஆவி கண்ணாடியில் புகாராகப் படியும். நளாயினி இடது கையில் அம்மாவின் பழைய பருத்திச் சேலைத் துண்டை வைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வருவாள். தன் பக்கம் துடைத்தபின், சிவப்பு விளக்கில் நிற்கும்போது, குறுக்கே சாய்ந்து என் பக்கத்தையும் துடைப்பாள்.

"குளிருதோ?"

"சீச்சீ, இல்லை" என்பேன். பாதம் இரண்டும் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், அப்படி ஓடினோம். மெல்பேர்னிலேயே சிவப்பு விளக்கு விழவேண்டுமென்று நேர்த்திக்கடன் வைத்த ஒரே சாரதி நானாகத்தான் இருப்பேன்.

ஓகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மசிடன் மலையில் பனி கொட்டும் என்று செய்தி சொன்னது. நளாயினி "போவமே?" என்றாள். அங்கே வைத்துக் கலியாணம் பற்றிக் கேட்டுவிடுவது என்று நான் முடிவெடுத்தேன். "அம்மாவும் பனி பாக்கவேணுமாம்" என்றாள் அடுத்ததாக. சரி, அம்மாவையும் வைத்துக்கொண்டே கேட்போம்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் சாதாரணமாக ஒன்று சொன்னார்: மலைக்குப் போகிறாய், கூலன்ட் பார்த்துக்கொள், இல்லையென்றால் தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடித்துவிடும். கை முறிந்த ஒரு பெண்ணின் காரை நான் வெடிக்கவிடுவேனா? எஞ்சினைக் குளிரவைக்கும் பச்சை நிறக் கூலன்ட், இரண்டு லீற்றர் போத்தல் ஒன்று வாங்கினேன். சனிக்கிழமை பின்னேரம் நளாயினி உள்ளே தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தபோது, அவளுக்குத் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்துவைக்க இறங்கினேன்.

முன்மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு மாற்றுச் சில்லும் ஒரு குடையும் இருந்தன. பின்மூடியைத் திறந்தேன். பெரிய விசிறி ஒன்று, சுற்றிவரக் குழாய்கள். ரேடியேற்றர் எங்கே என்று தேடினேன். அதுதான் இல்லையே. ஆனால் கையால் திறக்கக்கூடிய மூடி ஒன்று இருந்தது. திறந்தேன். துவாரம் இருட்டாக, ஆழமாக, என்னை வரவேற்றது. இரண்டு லீற்றரையும் ஊற்றினேன். கடகடவென்று குடித்தது. "பாவம், எவ்வளவு தாகம்!" என்று அதன் முதுகில் தட்டியும் கொடுத்தேன்.

மறுநாள் காலை நளாயினியின் அம்மாவை, நான் அன்ரி என்றுதான் அழைப்பேன், பின்னிருக்கையில் ஏற்றினோம். பின்னிருக்கை என்பது மரியாதைக்குச் சொல்வது. அது இரண்டு பூசணிக்காய் வைக்கலாம் என்கிற அளவு இடம். அன்ரி கம்பளித் தொப்பியும் மடியில் புட்டுப் பெட்டியுமாகக் குறுக்கே அமர்ந்துகொண்டார்.

"தம்பி, பின்னால நல்ல சூடாக் கிடக்கு. நீங்கள் ரெண்டு பேரும்தான் பாவம்" என்றார்.

கொஞ்சத் தூரம் போனதும், "ஆரோ சீனிப்பாணி காய்ச்சுற மாதிரி மணக்குது" என்றார். நான் பக்கத்துத் தோட்ட வீடுகளைப் பார்த்தேன். நளாயினி எதையும் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சத்தம் வேற மாதிரிக் கிடக்கு. நிப்பாட்டும். உடனே நிப்பாட்டும்!"

அவள் சொல்லி முடிக்கமுன் எஞ்சின் எண்ணெய்க்கான எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வெள்ளைப் புகை. கோயில் திருவிழாவுக்குச் சாம்பிராணி போட்டாற்போல. வேலியோரம் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன்.

நளாயினி இறங்கிப் பின்மூடியைத் திறந்தாள். எண்ணெய் பார்க்கும் கோலை இடது கையால் இழுத்தாள். அதில் எண்ணெய் இல்லை. பால் தேத்தண்ணி நுரைத்திருந்தது.

"இதுக்கை என்ன விட்டனீர்?"

"கூலன்ட்."

"எதுக்கை?"

நான் மூடியைக் காட்டினேன்.

"அது எண்ணெய்த் தாங்கி" என்றாள், குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாக. "இந்தக் காருக்குத் தண்ணியே இல்லை. காத்துதான் குளிரவைக்கிறது. உங்கட அப்பாட்டையும் இது நிண்டதெல்லோ?"

இனி ஒளிக்க இடமில்லை. "அப்பாட்டை நிண்டது சைக்கிள்" என்றேன்.

அவள் கோலை என் கையில் தந்துவிட்டு, வேலிவரை நடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டி மாடுகளைப் பார்த்தபடி நின்றாள். தோள் குலுங்கியது. நாலு வருட உழைப்பு.

அன்ரி சிரமப்பட்டு இறங்கிவந்து புட்டுப் பெட்டியைக் கார்மேல் வைத்தார். "அவள் கத்தினா நான் உம்மைக் காப்பாத்துவன். பேசாமல் நிண்டா என்னாலையும் ஏலாது. போய்க் கதையும்."

போனேன். "குளிரில உறைஞ்சுபோயிடும் எண்டு பயந்திட்டன். உமக்குக் கையும் ஏலாது... அதுதான்..." என்றேன்.

"ஊத்தினதுக்குக் கோவமில்லை. பொய் சொன்னதுக்குத்தான்" என்றாள். மூக்கைச் சேலைத் துண்டால் துடைத்தாள். பிறகு, "இல்லை, ஊத்தினதுக்கும் கோவம்தான்" என்றாள்.

இழுவை லொறி வர ஒரு மணித்தியாலம் ஆனது. முன்னிருக்கையில் சாரதியோடு நாங்கள் மூவரும் நெருங்கி உட்கார்ந்தோம். சூடு அடித்தது. அந்தக் குளிர்காலத்திலேயே முதல்முறையாக என் கால்விரல்கள் வலித்தன. உயிர் வருகிறது என்று அர்த்தம். அன்ரிதான் பேச்சைத் தொடங்கினார்.

"தம்பி, வேற என்ன பொய் எல்லாம் சொன்னனீர்? இப்பவே சொல்லி முடியும்."

"பாகற்காய்க் கறி விருப்பம் எண்டது பொய், அன்ரி."

"அது நீர் விழுங்கேக்கையே தெரிஞ்சது. வேற?"

"எனக்குக் குளிரேல்லை எண்டது. ஒவ்வொரு நாளும் குளிரிச் செத்தனான்."

"வேற?"

"கார் விருப்பம் எண்டதும் பொய். எனக்குக் கார் ஒண்டிலையும் விருப்பமில்லை." தொடர்ந்தேன். "இவவோட வாறதுக்குத்தான் ஓடினனான். எவ்வளவு காலம் எண்டாலும் இப்பிடியே பக்கத்தில இருந்து வரலாமோ எண்டு கேக்கத்தான் இண்டைக்கு வெளிக்கிட்டனான்."

நளாயினி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கார் தெரியாது எண்டு எனக்கு முதல் கிழமையே விளங்கிட்டுது. அந்த மற்றதுதான் எப்ப சொல்லப்போறீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அன்ரி அழத் தொடங்கினார். நானும். எங்கள் மூவரின் முகத்தையும் பார்த்துப் பயந்துபோன சாரதி, குரலைத் தாழ்த்தி, யாராவது இறந்துவிட்டார்களா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார்.

"எஞ்சின்" என்றாள் நளாயினி. அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வீடுவரை நிற்கவில்லை.

எஞ்சின் சாகவில்லை. உடனே நிறுத்தியதால் பிழைத்தது. மாவுக்கட்டு வெட்டியபின் அவளே அதைக் கழற்றிக் கழுவிப் பூட்டினாள். என் வேலை விளக்குப் பிடிப்பது. எதையும் தொட அனுமதியில்லை. பூட்டி முடித்த அன்று எனக்கு ஒரு சட்டமும் போட்டாள்: இனி எதற்குள் எதை ஊற்றுவதென்றாலும் முதலில் உரத்துக் கேட்கவேண்டும்.

நாங்கள் கலியாணம் கட்டிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. சட்டம் இன்னும் அமுலில் இருக்கிறது. விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி வார்க்குமுன் நான் கேத்திலை உயர்த்தி "ஊத்தட்டோ?" என்று கேட்பேன். குசினியிலிருந்து நளாயினியும் இப்போது மாமியாகிவிட்ட அன்ரியும் ஒரே குரலில் "எதுக்கை?" என்பார்கள். நான் கோப்பையைக் காட்டவேண்டும். பிறகு "ஓம், ஊத்தும்" என்று உத்தரவு வரும்.

எங்கள் மகள் பிறந்ததிலிருந்தே இதைக் கேட்டு வளர்ந்தவள். உலகத்தில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். இந்த வருடம் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். இரண்டாம் கிழமை ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார்; நளாயினிதான் எடுத்து, எனக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள். பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் பால் வார்க்குமுன் போத்தலைத் தலைக்குமேல் தூக்கி ஏதோ சொல்லுகிறாள். யாராவது பதில் சொல்லும்வரை காத்திருக்கிறாள். வகுப்பில் மற்றப் பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். அது உங்கள் சமயத்தில் சாப்பிடமுன் சொல்லும் பிரார்த்தனையா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

நளாயினி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு ஆம் என்று சொல்லிவிட்டாள்.