அலமாரிக்குள்ளிருந்து நான் பேசுகிறேன்

இனிமேல் பேசியே தீருவது என்று முடிவு செய்தேன்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடங்களில் இந்த வீட்டில் ஒரு வாக்கியத்தைக்கூட நான் முற்றுப்புள்ளி வரை கொண்டுபோனதில்லை. அலுவலகத்திலும் அதே கதிதான். காப்பீட்டு நிறுவனத்தில் புகார் பிரிவு. காலையிலிருந்து மாலை வரை ஊரார் கார் இடித்த கதைக்கு 'ம்' கொட்டுவது என் உத்தியோகம். வீட்டுக்கு வந்தால் மனைவி. அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எட்டாவது நடைமேடையில் தூங்குகிறவனை இரண்டாவது நடைமேடைக்கு ஓட வைக்கும் குரல். அது "ஏங்க" என்று ஆரம்பித்தால், நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துவிடும்.

ஆகவே ஒரு பாட்காஸ்ட் ஆரம்பித்தேன். பெயர், 'குறுக்கே பேசாதீர்கள்'. குடும்பத் தலைவன் ஒருவனின் மனக்குமுறல், வாரம் முப்பது நிமிடம். மனைவியிடம், "ஆபீஸ்ல பேச்சுப் பயிற்சி கொடுத்திருக்காங்க" என்று சொல்லிவைத்தேன்.

பதிவு செய்யும் இடம் படுக்கையறைத் துணி அலமாரி. சிரிக்காதீர்கள். துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசினால் எதிரொலி வராது என்று இணையத்தில் எல்லா நிபுணர்களும் சொல்கிறார்கள். உள்ளே அந்துருண்டை இருக்கும் என்று ஒரு நிபுணரும் சொல்லவில்லை. மடித்த போர்வைகளின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தும்மித் தும்மி என் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தேன். பதிவானதைத் திரும்பப் போட்டுக் கேட்கவில்லை. நான் பேசியது எனக்குத் தெரியாதா?

அடுத்த வாரம், புதிய பாட்காஸ்ட்டுகளைப் பற்றி விமர்சகர்கள் சொல்வதைத் திரட்டிப் போடும் இணையப் பக்கத்தில் என் நிகழ்ச்சி வந்துவிட்டது. நான்கு நட்சத்திரம்! உடனே படித்தேன்.

"தொகுப்பாளர் சுமார் ரகம். 'ஆண் என்பவன் ஒரு மலை, அவனை யாராலும்...' என்று அவர் முழங்கும்போது பின்னணியில் ஒரு பெண் குரல், 'ஏங்க, பாத்ரூம் லைட்டை யாரு அணைப்பா?' என்கிறது. 'இதோ வந்துட்டேன்மா' என்று மலை எழுந்து போகிறது. என்ன டைமிங்! யார் அந்த நடிகை? நிகழ்ச்சியின் உயிரே அவர்தான். தொகுப்பாளரிடம் தும்மல் மட்டும் இயல்பாக இருக்கிறது."

நடிகையாம்! பத்தொன்பது வருட வேதனையைக் கொட்டினால் இவர்கள் விளக்கை அணைக்கச் சொன்னதற்கு நட்சத்திரம் கொடுக்கிறார்கள். இவர்களுக்குக் காது எதற்கு, கண்ணாடி மாட்டவா?

மாடிப்படியில் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வழிமறித்தார்.

"சார், கிளினிக்ல உங்க ஷோதான் ஓடுது!"

"அப்படியா! மலைன்னு ஒரு இடம் வருமே..."

"அதை ஓட்டிடுவோம் சார். மேடம் பேசுற இடம்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்றாங்க. அந்தக் குரல் வந்துட்டா பேஷன்ட் ஊசியைக்கூடக் கவனிக்கிறதில்லை."

"அது யாருன்னு யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. முக்கியமா அவகிட்ட."

"சேச்சே, நான் யார் சார்? அடுத்தவங்க வாயைத்தான் திறப்பேன்."

இரண்டாவது பகுதியை, மனைவி வேலைக்குப் போயிருந்தபோது பதிவு செய்தேன். வீட்டில் ஈ, எறும்பு இல்லை. முப்பது நிமிடம், குறுக்கீடே இல்லாமல், பிறவிப் பயன் அடைந்தவனாகப் பேசினேன். வாழ்க்கையில் முதல்முறையாக எல்லா வாக்கியங்களும் முடிந்தன.

விமர்சனம் வந்தது. அரை நட்சத்திரம். "அந்தப் பெண்மணி இல்லை. இந்த மனிதர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறார். வீட்டில் இவரை நிறுத்த ஆளே கிடையாதா?"

இதைவிட ஒரு அநியாயத்தை நான் எந்தப் புகார் மனுவிலும் படித்ததில்லை. நிறுத்த ஆள் இருக்கிறாள் என்பதுதானேய்யா நிகழ்ச்சியே!

சரி, போகட்டும். என்னை நாலு பேர் கேட்க வேண்டுமென்றால் அவள் என்னைத் திட்ட வேண்டும். அவளுக்குத் தெரியாமல் திட்ட வைப்பது பெரிய காரியமா? பத்தொன்பது வருடமாகச் சும்மா இருந்தே வாங்கிக்கொண்டிருக்கிறேனே!

ஞாயிற்றுக்கிழமை காலை. ஈரத்துண்டைப் படுக்கையின் நட்டநடுவில், அவள் தலையணை மேலேயே போட்டேன். குளியலறை விளக்கு, கூடத்து மின்விசிறி இரண்டையும் அணைக்காமல் விட்டேன். தேநீர்க் கோப்பையை அவளுடைய இஸ்திரி போட்ட சீருடைக்குப் பக்கத்தில் வைத்தேன். அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்தினேன்.

"ஆண் என்பவன் ஒரு மலை," என்று ஆரம்பித்து, இடைவெளி விட்டேன்.

சத்தமில்லை.

"அவனை யாராலும் அசைக்க முடியாது!" இன்னும் நீளமாக இடைவெளி விட்டேன்.

காலடிச் சத்தம் கேட்டது. துண்டை எடுக்கும் சத்தமும் கேட்டது. இதோ வருகிறது என்று கைபேசியைக் கதவிடுக்கில் நீட்டினேன். வரவில்லை. பொறுக்க முடியாமல் கதவைத் திறந்து தலையை நீட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கைபேசி மடியில் இருந்தது.

"துண்டு ஈரமா இருந்துதே, பாத்தியா?" என்றேன்.

"பாத்தேங்க. பரவாயில்லை."

"தலகாணியும் நனைஞ்சிருக்குமே?"

"காயவெச்சாப் போச்சு."

"லைட்டு, ஃபேன்..."

"அணைச்சிட்டேன். நீங்க பேசுங்க, நான் தொந்தரவு பண்ணலை."

பத்தொன்பது வருடத்தில் என்னை இவ்வளவு பயமுறுத்திய வார்த்தை வேறில்லை. "உடம்பு சரியில்லையா? கோபமா? எதுவா இருந்தாலும் வாய் விட்டுத் திட்டிடும்மா!" என்று கெஞ்சினேன்.

"எதுக்குங்க திட்டணும்?" என்று புன்னகையோடு அலமாரிக் கதவை அவளே சாத்தினாள். உள்ளே தும்மிக்கொண்டே இருந்தேன். அந்த வாரம் முழுக்க நான் செய்யாத தப்பில்லை. அவள் வாயிலிருந்து ஒரு சொல் கிடைக்கவில்லை. வெளியிட என்னிடம் ஒன்றுமே இல்லை.

மறு வெள்ளிக்கிழமை விமர்சனப் பக்கத்தைத் திறந்தேன். முதலிடத்தில் ஒரு புது வெளியீடு. பெயர், 'ஈரத்துண்டு'. ஐந்து நட்சத்திரம்.

கைபேசியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

"இது நீயா?"

"ஆமாங்க. நீங்க உள்ள உக்காந்து பேசுறப்போ, நான் வெளிய உக்காந்து நீங்க என்னென்ன பண்ணி வெச்சிருக்கீங்கன்னு மெதுவாச் சொல்லிட்டிருந்தேன். நீங்களும் விதவிதமாப் பண்ணித் தந்தீங்க."

"உனக்கு யாரு சொன்னா?"

"பல் டாக்டர்தான். முதல் பாகம் வந்த அன்னைக்கே."

"என்ன நியாயம் இது? பேசணும்னு ஆசைப்பட்டவன் நான்! இந்த வீட்டுல என் குரலுக்கு..."

"உங்க குரலும் அதுல வந்திருக்குங்க, உங்களைப் பத்தியும் கடைசியில எழுதியிருக்காங்க. படிச்சீங்களா?"

படபடப்போடு கடைசி வரிக்கு ஓட்டினேன்.

"குறை ஒன்றுதான்: பின்னணியில் அடிக்கடி வரும் அந்தத் தும்மலை நீக்கியிருக்கலாம்."