சனிக்கிழமைக்குள்ள மாமா தோக்கணும்

குதிரை ஜெயிச்சிருச்சு.

ரோவன் கையில இருந்த போனையே வெறிச்சுப் பார்த்தான். அது ஜெயிக்கவே கூடாத குதிரை. பந்தயத்துல ஒண்ணு கட்டினா அறுபத்தாறு தர்றதா விலை போட்டிருந்தாங்க. அதைப் பெத்த குதிரைகூட அது மேல கட்டியிருக்காது. கடைசித் திருப்பம் வரைக்கும் எல்லாத்துக்கும் பின்னாலதான் வந்துச்சு. அப்புறம் முன்னால போனதெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழ, இது பாட்டுக்கு ஓரமா வேடிக்கை பார்த்துக்கிட்டே போய்க் கோட்டைத் தாண்டிருச்சு.

"போச்சு! எல்லாம் போச்சு!"

அடுப்புல சாசேஜைப் புரட்டிக்கிட்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாங்க. ரோவன் சமையல்கட்டுத் தரையில தலையில கை வச்சு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, தோத்துட்டியா?"

"ஜெயிச்சுட்டேம்மா."

"அதுக்கு ஏன்டா எழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருக்க?"

அதை அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

ரோவனுக்குப் பதினெட்டு முடிஞ்சு கொஞ்ச நாள்தான் ஆகுது. கணக்குல புலி. பந்தயக் கம்பெனிக்காரங்க பெரிய மேட்ச்சுக்கெல்லாம் விலையைக் கச்சிதமாப் போட்டுருவாங்க, யாரும் பார்க்காத மேட்ச்சுலதான் அசந்துடுவாங்கன்னு கண்டுபிடிச்சான். விடியக்காலையில எழுந்து, அவங்க விலை போட்ட சூட்டோட, ஃபின்லாந்து பொம்பளைங்க ஆடற ஹேண்ட்பால் மேட்ச் மேல கட்டுவான். நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு.

ஆனா கம்பெனிக்கும் கண்ணு இருக்கே. ஒருத்தன் ஜெயிக்கிறானா தோக்கிறானான்னு மட்டும் அது பார்க்கிறதில்ல. எப்போ கட்டுறான், எது மேல கட்டுறான், அவன் கட்டினதுக்கு அப்புறம் ஊரே அந்தப் பக்கம் ஓடி விலை குறையுதா, அதையெல்லாம் பார்க்கும். பொழுதுபோக்குக்குக் கட்டுறவன் சனிக்கிழமை மத்தியானம், ஆட்டம் ஆரம்பிக்கப் போற நேரத்துல, ஒரு கையில பீரோட சொந்த ஊர் டீம் மேல கட்டுவான். ஃபின்லாந்து எந்தத் திசையில இருக்குன்னே அவனுக்குத் தெரியாது. ரோவனை மூணே வாரத்துல மோப்பம் பிடிச்சுட்டாங்க. இனிமே ஒரு தடவைக்குப் பதினொரு பென்ஸுக்கு மேல கட்ட முடியாதுன்னு ஒரே போடாப் போட்டுட்டாங்க. அதுல ஒரு சூயிங்கம்கூட வராது.

அப்போதான் டெஸ்மண்ட் மாமா ஞாபகம் வந்துச்சு.

அம்மாவோட தம்பி. இவங்க வீட்டு மாடியிலதான் இருக்கார். ஹாலிஃபாக்ஸ் ஊர் முழுக்கக் குழாய் ரிப்பேர் பண்றவர். பதினஞ்சு வருஷமா விடாம தோத்துக்கிட்டிருக்கிற மனுஷன். கம்பெனி அவரைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுச்சு. பொறந்தநாளுக்குக் கேக், கிறிஸ்மஸுக்குக் கூடை நிறைய பன்றி இறைச்சியும் பாலாடைக்கட்டியும், வருஷத்துக்கு ஒரு ஃபுட்பால் மேட்ச்சுக்குக் கண்ணாடி போட்ட பாக்ஸ்ல ரெண்டு சீட்டு. மாமா தன்னோட பந்தய ஆப்ல எழுத்தைப் பெரிசாக்கித் தரச் சொல்லி ரோவன்கிட்ட பாஸ்வேர்டைக் குடுத்திருந்தார். ஒரே ஒரு வாரம்னு நினைச்சு ரோவன் மாமாவோட கணக்குல ஃபின்லாந்தை நுழைச்சுட்டான்.

திங்கக்கிழமை மெயில் வந்துச்சு. மாமாவோட கணக்கைப் பரிசீலிக்கிறாங்களாம். முடியிற வரைக்கும் சனிக்கிழமை பாக்ஸ் சீட்டு கிடையாதாம்.

மாமா கண்ணுல படறதுக்குள்ள ரோவன் அதை அழிச்சுட்டான். ஏன்னா அந்த பாக்ஸ்ல வச்சுத்தான் மாமா மேவிஸ்கிட்ட கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கப் போறார். மேவிஸ் பேக்கரி வச்சிருக்காங்க. ஏற்கெனவே ஒரு தடவை, கூரையில்லாத சீட்டுல, கொட்டுற மழையில கேட்டுப் பார்த்தார். "கால் விறைச்சுப் போச்சு டெஸ். இப்போ என்னை எதுவும் கேக்காதே"ன்னுட்டாங்க. அதுக்கப்புறம் மாமா ஒரு வருஷமா இந்தக் கண்ணாடி பாக்ஸுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கார்.

அதனால சனிக்கிழமைக்குள்ள மாமா பழைய ஏமாளிதான்னு கம்பெனியை நம்ப வைக்கணும். அது பெரிய வேலையான்னு ரோவன் நினைச்சான்.

செவ்வாய்க்கிழமை எட்டு டீமைக் கோர்த்து ஒரே பந்தயமாக் கட்டினான். எட்டும் ஜெயிச்சாதான் காசு. எட்டுமே நாட்டுல இருக்கிறதுலயே உருப்படாத டீமாப் பார்த்துப் பொறுக்கியெடுத்தான்.

எட்டும் ஜெயிச்சிருச்சு.

புதன்கிழமை, சொந்த ஊர் டீமோட கோல்கீப்பர் கோல் போடுவான்னு கட்டினான். புத்தி உள்ளவன் எவனும் கட்ட மாட்டான். எண்பதாவது நிமிஷம் கோல்கீப்பர் பந்தைத் தூக்கி உதைச்சான். அடிச்ச காத்துக்கு அது மைதானத்தையே தாண்டிப் போய், எதிர்க் கோல்கீப்பர் தலைக்கு மேல குதிச்சு, வலைக்குள்ள விழுந்துச்சு. ஊரே கட்டிப்பிடிச்சு ஆடுச்சு. ரோவன் ஒருத்தன்தான் அழுதான்.

இன்னிக்கு வியாழக்கிழமை, 'மேவிஸோட தொப்பி'ன்னு ஒரு குதிரை. பேரைப் பார்த்துக் கட்டுறவனைவிட ஏமாளி உலகத்துல உண்டா? அதுவும் ஜெயிச்சிருச்சு.

இனிமே பொறுக்க முடியாதுன்னு ரோவன் கம்பெனிக்கே போனைப் போட்டான். வாயில காலுறையைச் சுத்திக்கிட்டு, மாமா மாதிரி கரகரன்னு பேசினான்.

"ஹலோ, டெஸ்மண்ட் பேசறேன்."

"சொல்லுங்க சார். இந்த வாரம் பிச்சு உதறிட்டீங்களே!" அந்தப் பக்கம் ஒரு பொண்ணு.

"அட நீ வேறம்மா. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம். நான் ஒரு மக்கு."

அந்தப் பக்கம் டக்டக்னு கீபோர்டைத் தட்டுற சத்தம் கேட்டுச்சு.

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்."

கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டாங்க. அப்புறம் அந்தப் பொண்ணு ரொம்பப் பணிவா, "நாளைக்குச் சாயங்காலம் எங்க மிஸ்டர் லோமாக்ஸ் நேர்லயே உங்களைப் பார்க்க வர்றார் சார்"னுச்சு.

மறுநாள் ரோவன் மாமாகிட்ட எல்லாத்தையும் ஒத்துக்கலாம்னுதான் இருந்தான். ஆனா மாமா வேலை முடிஞ்சு வரும்போதே மேவிஸையும் டீக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டார். அவங்க உட்காரறதுக்குள்ள வாசல்ல மணி அடிச்சுது.

லோமாக்ஸ் ஒல்லியா, சாந்தமா, சொட்டச் சொட்ட நனைஞ்ச குடையோட வந்தார். அம்மா குடுத்த இஞ்சி கேக்கை வாங்கிக்கிட்டு, மடியில ஒரு டேப்லெட்டை விரிச்சார்.

"டெஸ்மண்ட் சார், புதன்கிழமை கோல்கீப்பர் கோல் போடுவான்னு கட்டினது நீங்கதானா?"

மாமா முழிச்சார்.

"கோல்கீப்பர் மேலயா? ஏன் டெஸ், அது நீயா?"ன்னு மேவிஸ் கண்ணை அகலமா விரிச்சாங்க.

அவ்வளவுதான். மாமா நெஞ்சை நிமிர்த்திக்கிட்டார். "பின்ன? நானேதான்!"

ரோவன் மேஜைக்கடியில ஓங்கி ஒரு உதை விட்டான்.

"ஆ!"ன்னார் லோமாக்ஸ்.

"சாரி சார், கால் மரத்துப் போச்சு."

"எப்படிக் கணிச்சீங்க?"ன்னு லோமாக்ஸ் முழங்காலைத் தடவிக்கிட்டே கேட்டார்.

"காத்துதான் சார். இருபத்தெட்டு வருஷமா குழாய் வேலை பாக்கறேன், பிரஷர்னா எனக்கு அத்துப்படி. தண்ணியா இருந்தா என்ன, காத்தா இருந்தா என்ன, பந்தா இருந்தா என்ன? எல்லாம் ஒரே சூத்திரம்."

"குதிரை?"

"குதிரைக்கும் உள்ள குழாய்தானே சார் ஓடுது?"

அம்மா வாயைப் பொத்திக்கிட்டு சமையல்கட்டுக்கு ஓடிட்டாங்க.

"ஃபின்லாந்து பொம்பளைங்க ஹேண்ட்பால்? விடியக்காலை ஆறு மணிக்கு?"

மேவிஸ் முகம் மாறிச்சு. "என்னது, பொம்பளைங்களா?"

மாமா ஒரு வாய் டீ குடிச்சார். "குளிர்ல வளர்ந்தவங்க மேவிஸ். முட்டி கெட்டியா இருக்கும். அதை முட்டியா மட்டும்தான் நான் பார்த்தேன்."

"மாமா, போதும் மாமா"ன்னு ரோவன் கிசுகிசுத்தான்.

"நீ சும்மா இருடா, பெரியவங்க பேசும்போது! சார், உங்க ஆபீஸ்ல எழுதிக்கோங்க. இந்த யார்க்‌ஷயர்ல என்னை அடிச்சுக்க ஆளே கிடையாது. உங்க கம்பெனியை நான் திவாலாக்காம விட்டு வச்சிருக்கேன்னா, அது உங்க கிறிஸ்மஸ் கூடைக்காகத்தான்!"

தானே கழுத்தைக் கொண்டுபோய்க் குடுத்துட்டாரேன்னு ரோவன் கண்ணை மூடிக்கிட்டான். பாக்ஸ் போச்சு. மேவிஸ் போச்சு. விஷயம் தெரிஞ்சா அப்புறம் மாமாவும் போச்சு.

லோமாக்ஸ் டேப்லெட்டை மூடினார். எழுந்து மாமா கையைப் பிடிச்சுக் குலுக்கினார்.

"பரிசீலனை முடிஞ்சுது டெஸ்மண்ட் சார். நாளைக்கு பாக்ஸ் உங்களுக்குத்தான். எவ்வளவு வேணாலும் கட்டுங்க, எங்களுக்குச் சந்தோஷம்."

மாமா சிரிச்ச சிரிப்புல மேஜையே அதிர்ந்துச்சு. மேவிஸ் அவர் கைமேல கை வச்சாங்க. "எனக்குத் தெரியவே தெரியாதே டெஸ், நீ இவ்வளவு பெரிய ஆளா?"

லோமாக்ஸை வழியனுப்ப ரோவன்தான் வாசலுக்குப் போனான். மேல இருந்த பாரமெல்லாம் இறங்கி, கால் தரையில பாவல. வெளிய மழை தூறிக்கிட்டிருந்துச்சு.

"ரொம்பத் தேங்க்ஸ் சார்."

"இருக்கட்டும். நீயும் பந்தயம் கட்டுவியா?"

"ஐயய்யோ, நானா? எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது சார்!"

குடையை விரிக்கப் போன லோமாக்ஸ் அப்படியே நின்னார். அதைச் சுவரோரமா சாய்ச்சு வச்சுட்டு, கக்கத்துல வச்சிருந்த டேப்லெட்டை மறுபடியும் திறந்தார்.

"இருபது வருஷமா இதே வேலைதான் பாக்கறேன் தம்பி. 'நான்தான் கில்லாடி'ன்னு மார் தட்டுறவங்க அத்தனை பேரும் எங்களுக்குச் சோறு போடறவங்க. எங்க சோத்துல கை வைக்கிறவன் ஒருத்தன்கூட, 'எனக்கு ஒண்ணுமே தெரியாது'ன்னு சொல்லாம இருந்ததில்ல. ஆமா, நீ இப்போ என்ன சொன்ன?"