நான்கு வளைவுகளும் இரண்டு மலசலகூடங்களும்

புனித பங்கிராசியார் ஆரம்ப ஆண்கள் விடுதிப் பாடசாலையின் வரலாறும் வளங்களும் மூன்று பிரதிகளில் சமர்ப்பிக்கப்படல் வேண்டும் என்று கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வரலாறு அரைப் பக்கத்துக்கு மேற்படலாகாது. வளங்களுக்கு வேண்டியளவு தாள் இணைக்கலாம். பாடசாலையில் எழுத்து வேலை எது வந்தாலும் அது விடுதி மேற்பார்வையாளர் தோமஸ் மாஸ்டரின் தலையில்தான் விடியும். இதுவும் அங்கேயே விடிந்தது.

தோமஸ் மாஸ்டர் அதே விடுதியில் உண்டு உறங்கிப் படித்து, அதே விடுதிக்குப் பொறுப்பாக வந்தவர். ஆகையால் வரலாறு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. 1912ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் முல்லைத்தீவுக் கரைக்கு வந்தார். கடற்கரைப் பெடியள் ஆறு வயதிலேயே தகப்பனோடு வலைக்குப் போவதைக் கண்டார். பள்ளிக்கூடத்தைக் கடலுக்குக் கொண்டுபோக முடியாது, ஆகவே பெடியளைப் பள்ளிக்கூடத்திலேயே படுக்க வைப்போம் என்று முடிவு செய்து, ஒரு கிடுகுக் கொட்டிலும் ஒரு மணியும் பதினொரு பெடியளுமாகத் தொடங்கினார். இதை எழுதி முடிக்கவே அரைப் பக்கத்தில் முக்கால்வாசி போய்விட்டது.

மிச்சம் இருந்த இடத்துக்குள் யுத்தத்தை அடக்க வேண்டும். எட்டுத் தடவை இடம்பெயர்ந்ததையும், எட்டுத் தடவையும் பெயர்ப்பலகையைக் காவிக்கொண்டு போனதையும் எழுத வரி போதாது. மாஸ்டர் பேனையைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, “இடையில் சில இடையூறுகள் ஏற்பட்டன” என்று எழுதினார்.

இடம்பெயர்ந்திருந்தபோது உடையார்கட்டில் மரங்களுக்குக் கீழே தறப்பாள் கட்டிப் பள்ளிக்கூடம் நடந்ததை அவர் எழுதவில்லை. அங்கே போய்ச் சேர்ந்த அன்று, கரும்பலகையை மாட்டுவதற்கு முன்னமே விடுதிக் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த திரேசம்மா மண்வெட்டியைக் கொண்டுவந்து தோமஸ் மாஸ்டரின் கையில் கொடுத்தார். திரேசம்மா அவரைப் பெற்ற தாய். “பெடியளுக்கு முதல் மறைப்பு. படிப்பெல்லாம் பிறகு,” என்றார். மகன் பன்னிரண்டு கக்கூஸ் கிடங்கு வெட்டினார். தாய் அரிசிச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, பன்னிரண்டுக்கும் மறைப்புக் கட்டினார். எண்ணிக்கையின்படி பார்த்தால் விடுதி மிக வசதியாக இருந்த காலம் அதுதான். திரேசம்மா ஊர் திரும்பிய பிறகு, சொந்த வீட்டில் கண்ணை மூடினார். மாஸ்டருக்கு இன்றைக்கும் அரிசிச் சாக்கைக் கண்டால் நெஞ்சு கரையும்.

அடுத்தது வளங்கள். வரவேற்பு வளைவுகள் மூன்று. முதலாவது, கனடாவில் இருக்கும் பழைய மாணவர் சின்னராசா தன் தகப்பனின் நினைவாகக் கட்டியது. இரண்டாவது, அதைப் பார்த்துப் பொறுக்காத இன்னொரு குடும்பம் பன்னிரண்டு அடி உள்ளே தள்ளி, இரண்டு அடி உயர்த்திக் கட்டியது. மூன்றாவது சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகும் வழியில் நிற்கிறது. மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று. மணிக்கூடு இன்னும் வரவில்லை. மாதா கெபி ஒன்று. தொட்டால் படம் காட்டும் பலகை ஒன்று. மலசலகூடங்கள் இரண்டு.

இந்தக் கடைசி வரியில்தான் பிடி இறுகியது. ஒரு மாதம் கழித்து ஒரு சுற்றறிக்கை வந்தது. விடுதிகளில் பத்து மாணவருக்கு ஒரு மலசலகூடம் இருத்தல் வேண்டும். பங்குனி மாத முடிவுக்குள் பூர்த்தி செய்யாத விடுதிகளின் பதிவு இடைநிறுத்தப்படும். விடுதியில் அறுபது பெடியள். விடுதி மூடினால் அதில் பாதிப் பேர் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டார்கள், களப்புக்கு மீன்பிடிக்கத்தான் போவார்கள் என்பது மாஸ்டருக்குத் தெரியும். 1912இல் அந்தக் குருவானவருக்கும் அதுதான் தெரிந்திருந்தது.

மாஸ்டர் அன்றைக்கே கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தார். சின்னராசா அவர் கைபிடித்து எழுதப் பழக்கிய பிள்ளை. கேட்டால் இல்லை என்று சொன்னதில்லை.

“வளைவு இனிக் காணும் சின்னராசா. பெடியளுக்குக் கக்கூஸ் நாலு வேணும். உன்ர அம்மான்ர பேரில கட்டித் தா.”

“அம்மான்ர பேரை அதிலயோ, மாஸ்டர்?”

“பேர் எங்க இருந்தா என்னடாப்பா? பிள்ளையளுக்குப் பிரயோசனப்பட்டாச் சரிதானே. அதுதான் புண்ணியம்.”

“பின்பக்கமா ஒரு வளைவு கட்டுவமோ?”

“பின்பக்கம் கேற்றே இல்லை.”

“அப்ப கேற்றும் சேர்த்துத் தாறன்.”

மாஸ்டர் இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். பெற்ற தாயின் பேருக்கு வெட்கப்படுகிற பிள்ளைகள் என்றார். “பேர் எங்க இருந்தா என்ன” என்ற வசனம் அதிபரான அருட்தந்தை நிறோஜனுக்கு நன்றாகப் பிடித்துப்போய், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் இரண்டு தரம் அதைச் சொன்னார். தண்ணீரூற்றில் ஹாட்வெயார் வைத்திருக்கும் றிஸ்வி மட்டும் சிரிக்கவில்லை. அவர் புத்தளத்தில் இருபது வருடம் அகதியாக இருந்து திரும்பி, சீமெந்தும் கம்பியும் விற்கக் கடை திறந்தவர். இப்போது கடையின் முன்பக்கம் முழுக்க நினைவுக்கல், சீமெந்து பின்பக்கத்தில் இறுகிக்கொண்டிருந்தது.

“மாஸ்டர், இஞ்ச வியாபாரம் கல்லுக்குத்தான்,” என்றார் றிஸ்வி. “கட்டடம் கல்லுக்கு முண்டு குடுக்கிறதுக்கு.”

கல்வி அலுவலகத்தில் விடுதிகளுக்குப் பொறுப்பானவர் கமலேஸ்வரி. கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சுற்றறிக்கை சொல்லாத எதையும் செய்யாதவர், அவ்வளவுதான். மாஸ்டரின் முகத்தைப் பார்த்து மனம் இளகி, ஒரு வெளிநாட்டுத் திட்டத்தில் பாடசாலையின் பெயரைச் சேர்த்துவிட்டார். திட்டம் இரண்டு கட்டமாக நடக்கும், முதற்கட்டத்தில் மாணவிகளுக்கு மூன்று மலசலகூடங்கள் என்று சொன்னார்.

“இது ஆம்பிளைப் பிள்ளையளின்ர பள்ளிக்கூடம், மிஸ்.”

“எனக்குத் தெரியும் மாஸ்டர். திட்டத்துக்குத் தெரியாதே.”

மூன்றும் கட்டப்பட்டன. இளஞ்சிவப்பு நிறம் பூசி, உள்ளே கண்ணாடியும் மாட்டி, வாசலில் “மாணவிகளுக்கு மட்டும்” என்று பலகை வைத்தார்கள். மாணவர்களுக்கான இரண்டாம் கட்டத்தைத் தொடங்குவதற்கு முதற்கட்டத்தின் பாவனை அறிக்கை தேவைப்பட்டது. மாஸ்டர் பொய் எழுதிப் பழகாதவர். பாவனை: இல்லை, என்று எழுதி அனுப்பினார். பயனாளிகள் ஆர்வம் காட்டாமையினால் இரண்டாம் கட்டம் கைவிடப்படுகின்றது என்று பதில் வந்தது. அப்படியென்றால் இந்த மூன்றையும் பெடியள் பாவிக்கலாமா என்று கேட்டதற்கு, அது சொத்துத் துஷ்பிரயோகம், கணக்காய்வில் பிடிபடும் என்றார்கள். ஆகையால் மூன்றும் பூட்டப்பட்டன. குசினியில் திரேசம்மாவின் இடத்துக்கு வந்த புனிதம் அக்கா வெள்ளிக்கிழமை தோறும் திறந்து தூசு தட்டிவிட்டு மறுபடி பூட்டினார்.

மாசி பிறந்தது. மாஸ்டர் றிஸ்வியின் கடையில் போய் இருந்து யோசித்தார். யோசித்ததன் பலனாக, கட்டடத்தையும் அதன் பெயரையும் பிரித்துவிடுவது என்று முடிவாயிற்று. மறுபடி கனடாவுக்கு எடுத்தார். சின்னராசா இந்தமுறை சம்மதித்தார், இரண்டு நிபந்தனையோடு. அந்தச் சொல் எந்த இடத்திலும் எழுதப்படக் கூடாது. அம்மாவின் படம் கல்லில் பதிக்கப்பட வேண்டும்.

இவ்விதமாக “அமரர் மேரி ஞானப்பூ ஞாபகார்த்த சுகவாழ்வு வளாகம்” எழுந்தது. நான்கு அறை. வெள்ளை மாபிள். முகப்பில் கறுப்புக் கல்லில் ஞானப்பூவின் சிரித்த முகம், அதற்கு ஒரு பிளாஸ்ரிக் மாலை, கீழே பற்றரியில் எரியும் மெழுகுதிரி. அருட்தந்தை நாடா வெட்டித் தீர்த்தம் தெளித்தார். இரண்டும் நான்கும் ஆறு என்று மாஸ்டர் விரலை மடக்கிப் பார்த்துச் சந்தோசப்பட்டார்.

மாலை போட்ட படமும் மெழுகுதிரியும் இருந்தால் கடற்கரைச் சனம் என்ன செய்யும் என்று அவர் யோசிக்கவில்லை. அடுத்தநாள் காலை பெடியள் வாளியோடு வந்தார்கள். படத்தைக் கண்டார்கள். வாளியை வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, முழந்தாளிட்டு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு, வழக்கம்போலப் பின்பக்கத்து நாயுண்ணிப் பற்றைக்குப் போனார்கள். உள்ளே போங்கோடா என்று மாஸ்டர் அதட்டினார். போனார்கள். உள்ளேயும் செபித்துவிட்டு வந்தார்கள். அந்த அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறா, எப்படிக் குந்தி இருக்கிறது என்று கேட்டார்கள்.

ஞாயிறன்று பிள்ளைகளைப் பார்க்க வந்த தாய்மாரும் மெழுகுதிரி கொளுத்தினார்கள். அதில் ஒருத்தியின் காணாமல்போன வலை மூன்றாம் நாள் கரையொதுங்கியது. பிறகென்ன, நேர்த்தி வைக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒன்றாம் இலக்க அறை காய்ச்சலுக்கு நல்லது என்று ஒரு கதை பரவியது. சனத்தைக் கலைக்க அருட்தந்தைக்கும் மனம் வரவில்லை. பூசைக்கு வராதவர்கள்கூட அங்கே வந்தார்கள்.

பங்குனி முப்பதாம் திகதி கமலேஸ்வரி பரிசோதனைக்கு வந்தார். வளாகத்தின் வாசலில் செருப்பைக் கழற்றினார். சைவக்காரியானாலும் ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றார். பிறகு படிவத்தை விரித்தார்.

“மலசலகூடம் எண்டு எங்கயும் எழுதேல்லையே, மாஸ்டர்.”

“உள்ள வந்து பாருங்கோ, மிஸ்.”

“உள்ள இருக்கிறதை நான் பாப்பன். கணினி பாக்காது. கல்லின்ர படத்தைத்தான் அதில ஏத்தவேணும்.”

கல்லை மாற்றினால் போதும் என்றார். “மலசலகூடத் தொகுதி” என்று தெளிவாக எழுதி, ஒருவரின் பெயரைப் போட்டு, நாளைக்குள் படம் அனுப்பினால் பதிவு தப்பும். அலுவலகத்தில் இந்தக் கட்டடத்தின் கோவை ஞாபகார்த்தப் பிரிவில் திறந்திருப்பதால் பெயர் இல்லாமல் விடவும் முடியாது. சின்னராசாவுக்கு எடுத்தார்கள். அம்மாவின் கல்லைக் கழற்றி வளைவில் வைக்கட்டாம், அந்தச் சொல்லோடு சேர்த்தால் அவர் இனி ஊர்ப்பக்கம் தலைகாட்டமாட்டாராம்.

“என்ர பேரைப் போடுங்கோ,” என்றார் புனிதம் அக்கா. “எனக்கு வெக்கமில்லை.”

“ஞாபகார்த்தம் எண்டா ஆள் செத்திருக்கவேணும் அக்கா,” என்றார் கமலேஸ்வரி.

“நாளைக்குள்ள ஏலாது, பிள்ளை.”

செத்தவர்கள் எல்லோருக்கும்தான் இருந்தார்கள். அருட்தந்தை நிறோஜனின் தாய் போன வருடம்தான் போனவர். அருட்தந்தை மணிக்கூட்டுக் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். கமலேஸ்வரியின் தகப்பன் பேர்பெற்ற வாத்தியார். மகள் படிவத்தின் பின்பக்கத்தை வாசித்தார். புதுக்கல்லுக்கு அளவெடுக்க வந்த றிஸ்வியின் உம்மா புத்தளத்து மண்ணில் கிடக்கிறா. தங்களில் படம், கல் எல்லாம் வழக்கமில்லை என்று, கல் விற்கிற றிஸ்வி சொன்னார்.

அருட்தந்தைக்குத்தான் கடைசியில் அது தோன்றியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. “மாஸ்டர், உங்கட அம்மா இருக்கிறாவே. உடையார்கட்டில சாக்குத் தைச்சு மறைப்புக் கட்டினவா எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அவான்ர பேரை விடப் பொருத்தமான பேர் இந்த உலகத்தில இல்லை.”

எல்லோரும் ஓம் என்றார்கள். புனிதம் அக்கா கண்ணைத் துடைத்தார்.

கறுப்புக் கல்லில் திரேசம்மா என்று தோமஸ் மாஸ்டர் மனத்துக்குள் எழுதிப் பார்த்தார். அதற்குக் கீழே அந்தச் சொல்லையும் எழுதிப் பார்த்தார். சனம் வாசிக்கும். பெடியள் சிரிப்பார்கள். திரேசம்மாவுக்குப் போறன் என்று சொல்லிக்கொண்டு வாளியோடு ஓடுவார்கள்.

“அம்மான்ர பேரையோ?” என்றார்.

“பேர் எங்க இருந்தா என்ன, மாஸ்டர்?” என்றார் அருட்தந்தை. அவர் குத்திக்காட்டவில்லை, பிரசங்கத்தில் சொன்ன பழக்கம்.

மாஸ்டர் மற்றவர்களுக்குக் கேட்டும் கேளாமலும் சொன்னார்.

“பின்பக்கமா ஒரு சின்ன வளைவு எண்டாக் கட்டலாம்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு அங்கே யோக்கியதை உள்ளவர் புனிதம் அக்கா ஒருவர்தான், அவரும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். கமலேஸ்வரி படிவத்தில் மலசலகூடங்கள் இரண்டு என்று எழுதிக் கையொப்பம் வாங்கினார். நாளை வரை பார்க்கிறேன் என்றார். நாளையும் வந்து போனது.

பதிவு இடைநிறுத்தப்பட்டதாகச் சித்திரையில் கடிதம் வந்தது. தகப்பன்மாருக்கு வந்து கூட்டிப்போகச் சொல்லி நாள் குறித்தார்கள். அந்த நாளுக்குள் பின்பக்கத்து வளைவு எழும்பிவிட்டது. சின்னராசா சொன்னபடி கேற்றும் தந்தார். றிஸ்வி கல்லைத் தன் பங்காகக் கொடுத்து, திரேசம்மா என்ற பெயருக்குப் பொன்முலாம் பூசியிருந்தார். களப்புக்குப் போகிற குறுக்குவழி அந்தப் பக்கம்தான். அறுபது பெடியளும் பெட்டியும் வாளியுமாக அந்த வளைவுக்குக் கீழாலேயே போனார்கள். சிலர் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தார்கள்.

புது வளம் சேர்ந்தால் அறிவிக்க வேண்டும் என்பது விதி. தோமஸ் மாஸ்டர் அறிக்கையை மறுபடி மூன்று பிரதி எடுத்து, வரவேற்பு வளைவுகள் என்ற இடத்தில் மூன்றை வெட்டி நான்கு ஆக்கினார். வரலாற்றை இன்னொரு தரம் வாசித்தார். “இடையில் சில இடையூறுகள் ஏற்பட்டன” என்ற வரிக்குள் இதுவும் அடங்கியிருந்தது. அதில் ஒன்றையும் மாற்றவேண்டி வரவில்லை.