சகலை வீட்டுக் காற்று

அண்ணன் தம்பி மீது வரும் பொறாமைக்காவது ஒரு வைத்தியம் உண்டு. சின்ன வயதிலேயே கட்டிப் புரண்டு, கடித்து வைத்து, தீர்த்துக்கொள்ளலாம். சகலை மீது வரும் பொறாமைக்கு அந்த வசதி கிடையாது. தொப்பை போட்ட பிறகு அறிமுகமாகிற ஆளோடு தரையில் உருள முடியுமா? சிரித்துக்கொண்டே "வாங்க, டீ சாப்பிடுங்க" என்றுதான் சொல்லியாக வேண்டும்.

என் சகலை பெயர் அன்வர். என் மனைவி ஜரீனாவின் தங்கை நஸீமாவைக் கட்டியவன். சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரே பில்டர் ஒட்டி ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகளை அக்காளும் தங்கையும் எங்களை வாங்க வைத்துவிட்டார்கள். நடுவில் ஒரே சுவர். அவன் தும்மினால் எனக்குக் கேட்கும். (அந்தத் தும்மலும் என்னுடையதைவிடக் கம்பீரமாக இருக்கும்.)

எனக்குக் கர்ட்டன் கடை. அவனுக்குப் பள்ளிக்கரணையில் மெடிக்கல் ஷாப். நான் கார் வாங்கலாமா என்று யோசித்த வாரம் அவன் வாங்கிவிட்டான். நான் உரம் போட்டு வளர்த்த முருங்கை காய்ந்தது. அவன் துப்பிய கொய்யா விதை மரமானது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவன் இன்வெர்ட்டர் வாங்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை. மழைக்காலத்தில் கரண்ட் போனால் எங்கள் ஹால் கும்மிருட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் பளிச்சென்று விளக்கு, டிவி, சிரிப்புச் சத்தம்.

ஆனால் எனக்கும் ஆண்டவன் ஒரு ஆறுதல் வைத்திருந்தான். எங்கள் மாடி அறையில் மட்டும் கரண்ட் போகாது. தெருவே இருண்டு கிடந்தாலும் அங்கே ஃபேன் சுற்றும், டியூப் லைட் எரியும். "அந்த ரூம் வேற ஃபேஸ்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவேன். ஃபேஸ் என்றால் என்ன என்று ஒருவர் திருப்பிக் கேட்டிருந்தாலும் மாட்டியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அன்வரின் இன்வெர்ட்டரோ சீக்கிரமே கீ, கீ என்று கத்த ஆரம்பித்துவிடும். பேட்டரியை மாற்றிப் பார்த்தான். புதுசும் கத்தியது. அந்தச் சத்தம் சுவர் வழியாக வரும்போது எனக்கு அப்படியொரு நிம்மதி. ஒரு புயல் நாளில் அது கத்திக்கொண்டிருக்கும்போதே, அவன் குடும்பத்தோடு எங்கள் மாடி அறைக்கு வந்துவிட்டான்.

"உட்காரு அன்வரு, நம்ம வீடுதானே" என்று ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். அன்று நான் ஒரு ஜமீன்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஃபேனும் நின்றது. "இந்த ஃபேஸும் போயிடுச்சு" என்றேன். அவனும் மரியாதையாகத் தலையாட்டினான்.

இப்படி இருக்கும்போதுதான் தெருக்கோடி வீட்டில் ஸ்விட்ச் போர்டு புகைந்தது. மறு வாரமே அன்வர் லைசென்ஸ் உள்ள இன்ஜினியரை வரவழைத்து வீட்டு வயரிங் முழுவதையும் செக் செய்துவிட்டான். சொன்ன குறைகளைச் சரி செய்து, 'பாதுகாப்பானது' என்று வாங்கிய சான்றிதழைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். ஊரப்பாக்கத்தில் இருக்கும் மாமனார் உடனே ரோஜாப்பூ அனுப்பினார். "பொறுப்பான பிள்ளை" என்று ஒரு வரி வேறு. எனக்கு அவர் அதுவரை கட்டைவிரல் மட்டும்தான் அனுப்பியிருக்கிறார்.

அந்த இன்ஜினியரையே பிடித்தேன். வேலைக்கு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்து, அன்று மாமனாரைப் பிரியாணிக்கு அழைத்தேன். அன்வரையும் நஸீமாவையும்கூட அழைத்தேன். அவன் பார்க்காத வெற்றி எனக்கு எதற்கு? முதல் நாள் ஸ்விட்ச் போர்டையெல்லாம் துடைத்தேன். மெயினை ஆஃப் செய்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, மாடி அறை ஃபேனை ஈரத்துணியால் பளபளப்பாக்கினேன்.

வந்தவர் சுகன்யா மேடம். தோளில் பெரிய பை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"எங்க வயரிங் அவங்க வீட்டைவிட எப்படி மேடம்?"

"இன்னும் உள்ளயே வரல சார்."

சமையலறையில் ஃப்ரிட்ஜ், மிக்ஸி, ஓவன் மூன்றும் ஒரே ப்ளக்கில் தொங்குவதைப் பார்த்தார். "ஒரு ப்ளக்ல கல்யாணமே நடக்குதே சார்" என்றார். குளியலறைக்குப் போனதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"ஹீட்டருக்கு எர்த் வயரே கனெக்ட் ஆகல. இங்க யாரு குளிக்கிறது?"

"என் பொண்ணு" என்றாள் ஜரீனா. குரலே மாறிவிட்டது.

"பக்கத்து வீட்லயும் இப்படித்தானே இருந்திருக்கும்?" என்றேன் நான்.

ஜரீனா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். (அந்த நேரத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. வியாதி அந்த அளவுக்கு முற்றியிருந்தது.)

பிரியாணி தயாராகும் வரை மாமனார் மாடி அறையில் படுத்திருந்தார். அடுத்த சோதனைக்காக மேடம் மெயின் ஸ்விட்சை இறக்கினார். வீடு அமைதியானது. அப்போது நஸீமா மாடிப்படியில் நின்று சொன்னாள். "மச்சான், அத்தா படுத்திருக்கிற ரூம்ல ஃபேன் ஓடுது."

என் மார்பு விரிந்தது. "அது வேற ஃபேஸ் மேடம்."

"மெயினையே ஆஃப் பண்ணியாச்சு சார். இனிமே உங்க வீட்ல எந்த ஃபேஸும் கிடையாது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நடுச்சுவரைப் பார்த்தார். பிறகு அன்வரைப் பார்த்து, "சார், உங்க வீட்டு மெயினைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுங்களேன்" என்றார். அன்வர் ஓடினான். மாடியில் ஃபேன் ஒரு கணம் தயங்கி மறுபடி வேகம் பிடித்தது.

"இப்போ இன்வெர்ட்டர்ல ஓடுது. அதையும் நிறுத்துங்க!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார்.

ஃபேன் நின்றது. எனக்கும் உள்ளே ஏதோ நின்றது.

வீடு கட்டும்போதே அந்த அறையின் லைனை பில்டரின் ஆட்கள் அன்வர் வீட்டு போர்டில் கொடுத்துவிட்டார்களாம். "அன்னைக்கு அவங்க வீட்ல மெயினை நிறுத்தினப்போ, அங்க எல்லாமே நின்னுது. சுவருக்கு இந்தப் பக்கமும் ஒரு ஃபேன் நின்னதை யாரு பார்த்தா?" என்றார் மேடம். பிறகு மெதுவாகச் சொன்னார். "உங்க மெயினை ஆஃப் பண்ணிட்டோம்னு நம்பி யாராவது அந்த ஃபேன் வயர்ல கை வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

ஸ்டூல், ஈரத்துணி, நான்.

அதற்குள் மாடியிலிருந்து மாமனார் லுங்கியை இறுக்கிக்கொண்டே இறங்கி வந்தார். "யாருப்பா ஃபேனை நிறுத்துனது?"

ஜரீனா விஷயத்தைச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகக் கேட்டார்.

"அப்ப இவ்வளவு நாளும் இங்க நான் வாங்குனது அன்வரு காத்தா?"

நஸீமாதான் முதலில் வெடித்தாள். "மச்சான், அன்னைக்குப் புயல்ல... எங்க பேட்டரி தீரப்போவுதுன்னு... உங்க வீட்ல வந்து..." அதற்கு மேல் பேச முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் மகள் சிரித்தாள். ஜரீனா சிரித்தாள். சுகன்யா மேடம்கூட மீட்டரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

அதற்குள் திரும்பி வந்திருந்த அன்வர் மட்டும் சிரிக்கவில்லை. என் தோளில் கை வைத்தான். "பரவால்லண்ணே. பில்டர் பண்ண தப்பு. இதுல நீங்க என்ன செய்வீங்க?"

அவன் கத்தியிருக்கலாம். "என் பேட்டரிய உறிஞ்சிட்டியே" என்று சட்டையைப் பிடித்திருக்கலாம். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மானத்தை ஒட்டுப்போட்டிருப்பேன். அவனோ நல்லவனாக நின்றான். அதிலும் என்னை முந்திவிட்டான். மாமனார் அவனைப் பார்த்த பார்வையில் ஒரு ரோஜாத்தோட்டமே இருந்தது.

ஹீட்டருக்கு எர்த் வந்தது. சமையலறைக்குத் தனித்தனி ப்ளக் வந்தது. மாடி அறை எங்கள் மீட்டருக்கே திரும்பியது. அடுத்த முறை கரண்ட் போனபோது நாங்கள் முதன்முறையாக அந்த அறையிலும் விசிறிமட்டையோடு உட்கார்ந்திருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் இன்வெர்ட்டர் கடைசி வரை கத்தவே இல்லை.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் வீட்டுக்குப் போனாலும், யாராவது ஃபேன் ஸ்விட்சைத் தட்டினால், மாமனார் அண்ணாந்து பார்த்து "இது யாரு வீட்டுக் காத்து?" என்று கேட்காமல் உட்காருவதில்லை. போன மாதம் ஒரு நிக்காஹ்வில், மண்டபத்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தும் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் விவரம் கேட்க, நான் சொல்ல ஆரம்பித்தேன். ரெண்டு பேர் லேசாகச் சிரித்தார்கள். அதற்குள் அன்வர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் குரலில், என் கையசைவோடு, "உட்காரு அன்வரு, நம்ம வீடுதானே" என்று தொடங்கினான். பந்தியில் சோறு போடுகிறவர்கள்கூடக் கரண்டியோடு நின்று கேட்டார்கள். ஒரு பெரியவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே எரிந்தது. என் மானம் போன கதையைக்கூட என்னைவிட அவன்தான் நன்றாகச் சொல்கிறான்.

அவனுக்கு எழுத வராது என்று ஜரீனா சொன்னாள். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதினேன்.