மூன்று மஞ்சள் மூஞ்சிகள்

வாய்ப்புற்று வந்து, கத்தி வைத்து, பிழைத்துத் திரும்பியவர்களின் நலனைத் தொடர்ந்து கண்காணிக்கும் பொருட்டு, அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு இரண்டாயிரத்து எட்டாம் வருசம் ஒரு கம்பியூட்டர் வந்தது. பிழைத்தவர்களில் நானும் ஒருத்தன். பெயர் செல்லசாமி. வெற்றிலையும் புகையிலையும் மென்று நானே தேடிக்கொண்ட வியாதி. அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

மேற்படி கம்பியூட்டரை, கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களுக்கு நடுவே வைத்தார்கள். பொறுப்பு அம்பலவாணர் என்ற யாழ்ப்பாணத்து அதிகாரி, தங்கமான மனிதர். மாதம் ஒருதரம் போய் எங்கள் உடம்பு நிலையை நாங்களே பதிய வேண்டும். அதைக் கொழும்பில் இருந்தபடியே பார்த்து, யாரைக் கிளினிக்குக்குக் கூப்பிடுவது என்று முடிவு செய்வார்களாம். எழுத்துத் தெரியாதவர்களுக்காக மூன்று மஞ்சள் மூஞ்சி இருந்தது. சிரிக்கிறது, சும்மா இருக்கிறது, அழுகிறது. ஒன்றை அமுக்கினால் போதும்.

இது முற்றிலும் அந்தரங்கம் என்றார் அம்பலவாணர். அந்தரங்கத்தைப் பார்க்க நாங்கள் குடியிருக்கும் லயமே வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றது. பெரிய மனிதர் ஒருத்தர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், காய்ச்சலில் கிடந்தாலும் ‘நல்லா இருக்கேங்க’ என்பதுதான் எங்கள் மரியாதை. இங்கே கேட்பதோ கொழும்பு. சிரிக்கிற மூஞ்சியை அமுக்கினேன். எனக்கு அடுத்துப் பதிய வந்த அம்மாக்கண்ணுவும் ஆண்டியப்பனும் அதையே அமுக்கினார்கள்.

மாதாமாதம் சிரித்தோம். இத்தனை சிரிப்புக்குக் கிளினிக் எதற்கு என்று கொழும்பு அதை அடுத்த வருசத்துக்குத் தள்ளியது. ‘புற்றை வென்ற தோட்டம்’ என்று எங்களுக்கு ஒரு விழா எடுக்கவும் தீர்மானமாயிற்று.

அந்த நேரம் பார்த்து என் நாக்குக்கடியில் ஒரு புண். ஆறவே இல்லை. ரொட்டியும் சம்பலும் போய்க் கஞ்சி வந்தது. என் சம்சாரம் வேலாயி, போய் அழுகிற மூஞ்சியை அமுக்கிவிட்டு வாங்க, அப்பத்தான் கூப்பிடுவாங்க என்று துரத்திவிட்டாள்.

விரலை நீட்டினேன். அம்பலவாணர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, இந்தத் தோட்டத்தில ஒரு அழுத முகமும் இல்லை. பந்தலும் போட்டாச்சு. இப்ப நீங்கள் அழுதால் நான் மேலிடத்துக்கு என்ன விளக்கம் எழுதுறது?”

பாவமாக இருந்தது. சிரித்துவிட்டு வந்தேன். விழாவில் எனக்குத்தான் முதல் மாலை. நாக்கு எரிந்ததால் இரண்டே வார்த்தை பேசினேன். எவ்வளவு அடக்கம் என்று கைதட்டினார்கள்.

மறுநாள் வேலாயி என்னை பஸ்ஸில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் திரையைப் பார்த்து, என் பதிவு மிகவும் திருப்திகரம் என்று பாராட்டினார்.

“பெட்டிய அப்பறம் பாருங்கய்யா,” என்றாள் வேலாயி. “மொதல்ல இவரு வாயப் பாருங்க.”

பார்த்தார். ஒரு துணுக்கு வெட்டிச் சோதனைக்கு எடுத்து, வாயில் பஞ்சை வைத்து, திறக்கக் கூடாது என்றார். நல்லவேளை, இப்போதாவது வந்தீர்கள் என்றார். பிறகு வேலாயி பக்கம் திரும்பினார்.

“அம்மாவுக்கு ஏதும்?”

“எனக்கென்னங்க, நல்லா இருக்கேன்.”

பஸ்ஸில் ஏறும்போது இடது கையைத் தூக்க முடியாதவள் இவள். அக்குளில் கட்டி, எண்ணெய் தடவினால் போய்விடும் என்று ஒரு வருசமாகச் சொல்கிறாள். நான் கையை ஆட்டிக் காட்டினேன். நன்றி சொல்றாருங்க என்று டாக்டருக்கு விளக்கினாள். திறக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு, கொஞ்சம் யோசித்தேன். அப்புறம் பஞ்சைத் துப்பிவிட்டுச் சொன்னேன்.

இரண்டு பேருக்கும் வைத்தியம் நடந்தது. இப்போது பிள்ளைக்காம்பராவுக்குச் சேர்ந்தே போகிறோம். என் மூஞ்சியை அவளும், அவள் மூஞ்சியை நானும் அமுக்குகிறோம்.

இரண்டு அழுத முகத்துக்கு விளக்கம் எழுதியே அம்பலவாணர் இளைத்துப்போனார். நெஞ்சைத் தடவிக்கொண்டே எழுதுகிறாரே என்று, என்னாங்கய்யா செய்யுது என்று கேட்டேன்.

“எனக்கு ஒண்டுமில்லை. நல்லா இருக்கிறன்.”