சம்பந்தியை ஒட்டகம் கட்டும் இடத்தில் தங்கவைத்தேன்

என் தங்கை மகளின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது எந்த எதிரியும் அல்ல, நான்தான். பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கல்யாணம் தாம்பரத்தில். திருச்சியிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாரைத் தங்கவைக்கும் பொறுப்பை நானே வலிய வாங்கிக்கொண்டேன். ஸ்டேஷன் பக்கம் உருப்படியான லாட்ஜ்கள் இருந்தன. எனக்கோ அப்போது சராய்ப் பைத்தியம். பாரசீகத்திலும் துருக்கியிலும் வணிகக் கூட்டங்கள் ஒட்டகங்களோடு இறங்கி இளைப்பாறிய வழிச்சத்திரங்கள்தான் சராய்கள். அவற்றைப் பற்றிப் படித்துப் படித்து வீட்டிலுள்ளவர்களை வதைத்துக்கொண்டிருந்தேன். தாம்பரத்தை அடுத்த படப்பை தாண்டி ஒரு புண்ணியவான் அதே பாணியில் ரிசார்ட் கட்டியிருக்கிறான் என்று தெரிந்தால் விடுவேனா?

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வேன் அங்கே வந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மூட்டுவலி. மாடிக்கு லிஃப்ட் இல்லை.

"பழைய காலத்து டிசைன் சார். லிஃப்ட்டு வெச்சா நல்லாவா இருக்கும்?" என்றார் காவலாளி. அறையலாம் போலிருந்தது.

கீழேயே அறை கொடுத்தார்கள். ஏசி, கட்டில், காபி, ஒரு குறையில்லை. சம்பந்தி காலை நீட்டி உட்கார்ந்து, "அருமையான எடம் சார். இதுல என்ன விசேஷம்?" என்றார்.

'ஒன்றுமில்லை' என்று சொல்லியிருக்கலாம்.

"அசல் சராய்ல மனுஷங்க மாடியிலதான் தூங்குவாங்க சார். நீங்க உக்காந்திருக்கீங்களே, இந்த எடத்துல ஒட்டகம், கழுதையெல்லாம் கட்டுவாங்க." (கழுதையையாவது விட்டிருக்கலாம்.)

டம்ளர் 'டங்'கென்று மேசையில் இறங்கியது.

"அப்ப எங்களைக் கொட்டில்ல கட்டியிருக்கீங்க?"

"ஐயோ, வரலாறு சார்..."

"டேய், பெட்டியை எடுங்கடா! வண்டியைத் திருச்சிக்குத் திருப்பு. கல்யாணமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!"

எனக்கும் தலைக்கேறியது. கேட்டதற்குப் பதில் சொன்னால் ரோஷமா? அவரிடம் கத்த முடியாததால் மேனேஜரைப் பிடித்துக்கொண்டேன். "கொட்டில் இருக்கவேண்டிய எடத்துல எவன்யா ரூம் கட்டச் சொன்னான்?"

"நம்மகிட்ட ஒட்டகம் இல்லீங்களே சார்" என்றார் அவர், மிகப் பணிவாக. அந்தப் பணிவை நினைத்தால் இன்றும் ரத்தம் கொதிக்கிறது.

தங்கை ஆட்டோவில் பறந்து வந்தாள். சம்பந்தியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, எல்லோரையும் தாம்பரத்தில் லிஃப்ட் உள்ள லாட்ஜுக்கு மாற்றினாள். கிளம்பும்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நாளைக்கு மண்டபத்துல நீ வாயைத் தொறந்தே, நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

மறுநாள் தாலி ஏறும்வரை உர்ரென்று ஊமையாக நின்றேன். யாரோ டிபன் ஆயிற்றா என்று கேட்டதற்குக்கூடத் தலையைத்தான் ஆட்டினேன்.

தங்கை மகளின் வளைகாப்புக்குப் போனபோது சம்பந்தி தானாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அந்த லாட்ஜ்ல ஒரே மூட்டைப்பூச்சி சார். உங்க எடம் எவ்வளவோ தேவலை. நீங்க மட்டும் கூட வராம இருந்திருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்போம்."